தெரிந்து தெளிதலும் தேக்காக் கடைத்தெருவும்

சிராங்கூன் சாலையில் நெடுங்காலமாகக் கடை வைத்திருக்கும் வணிகர் இருவர் சந்தித்தால், சரக்கு விலையையும் கடை வாடகையையும் பேசி முடித்தபின் பேச்சு ஆள் பற்றியதாகத் திரும்பிவிடும். “நம்பி ஒப்படைக்க ஓர் ஆள் கிடைக்கவில்லை” என்பார் ஒருவர். “கல்லாவை விட்டு அரை மணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை” என்பார் மற்றவர். இருவரில் ஒருவர் தமிழ் படித்தவராயின் திருக்குறளும் துணைக்கு வரும். ஆராயாமல் எவரையும் நம்பலாகாது என்று வள்ளுவரே கூறியிருக்கிறார் என்பார். அத்துடன் வழக்கு முடிந்ததாகக் கொள்ளப்படும்.

நம் வகுப்பறைகளிலும் நிலைமை பெரிதும் வேறன்று. ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றி வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமும், தேர்ந்தெடுத்தவரைக் கொண்டு வேலை வாங்குவது பற்றித் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமும் வகுத்தார். இவை முறையே 51, 52ஆம் அதிகாரங்கள். இவற்றுள் முன்னதன் இறுதிக் குறள்கள் இரண்டு மட்டுமே மேடையிலும் பாடத்திலும் மிகுதியாக வழங்குகின்றன. எஞ்சியவை பொருள் எழுதும் பயிற்சிக்கு உரியனவாய் நின்றுவிட்டன. இதனால் வள்ளுவர் ஐயப்படக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் என்னும் எண்ணம் மாணவர் உள்ளத்தில் ஊன்றிவிடுகிறது.

இவ்வெண்ணம் பொருந்தாது. இவ்விரண்டு அதிகாரங்களும் குற்றம் சாட்டுவது வேலைக்கு வருபவரை அன்று. கடமை சுமத்துவது வேலைக்கு அமர்த்துபவர்மேல். நம்பத்தக்க ஆள் என்பவர் எங்கோ ஆயத்தமாய் இருந்து நாம் கண்டெடுக்க வேண்டியவர் அல்லர்; ஆராய்தல், ஒப்படைத்தல், தொடர்ந்து கவனித்தல் என்னும் மூன்று செயல்களால் நம்பிக்கை உண்டாக்கப்படுகிறது என்பதே இருபது குறள்களின் திரண்ட பொருள். இத்தீவில் நம்மவர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இந்தக் கடமைக்கு மாற்றாக வேறு ஏதேனும் கிடைக்குமா என்று தேடிவந்திருக்கின்றனர். அத்தேட்டத்தின் வரலாற்றை அருகில் வைத்துப் படித்தால் குறளின் பொருள் தெளிவாகும்.

இவை அரசனுக்குக் கூறப்பட்டவை, மளிகைக் கடைக்காரருக்கு அல்ல என்று ஒரு தடை எழலாம். பொருட்பால் அரசனை முன்னிறுத்திப் பேசுவது உண்மையே. ஆயினும், ஆராயாமல் நம்பாதே என்னும் அறிவுரையை மட்டும் கடைக்காரருக்குப் பொதுவாக்கிவிட்டு, அரசன் தன் ஆட்களை நாடோறும் நாட வேண்டும் என்னும் கடமையை அரசனுக்கே விட்டுவிடுவது முறையாகாது. பொதுவாக்கினால் இரண்டையும் பொதுவாக்க வேண்டும்.

பொறி வைத்துப் பார்த்தல்

தெரிந்து தெளிதலின் முதற் குறள், அறம், பொருள், இன்பம், உயிரச்சம் ஆகிய நான்கின் வழியே ஒருவனை ஆராய்ந்து தெளிய வேண்டும் என்கிறது. இதற்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் தமிழ் கற்றோர் நன்கு அறிந்தது. அரசனே ஆட்களை ஏவிப் பொய்ச் சூழ்ச்சிகள் நான்கினைச் செய்விக்கிறான். அரசன் அறமில்லாதவன் என்று கூறி ஒருவரும், பொருள் கொடுத்து ஒருவரும், அந்தப்புரத்து ஆசையைக் காட்டி ஒருவரும், அரசனால் உயிர்க்குக் கேடு வரப்போகிறது என்று அஞ்சச் செய்து ஒருவரும் அவனைக் கலைக்க முயல்கின்றனர். நான்கிலும் கலையாதவன் தெளியப்படுகிறான்.

1909இல் மைசூரில் சாமசாத்திரியார் கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தை அச்சேற்றிய பின்னர், இச்சோதனைகள் அந்நூலிலும் இருப்பதைப் பலரும் அறிந்தனர். அங்கே மற்றொன்றும் உண்டு. இச்சோதனைகளை வகுத்துக் கூறிய கௌடிலியரே, அரசன் தன்னையோ தன் தேவியையோ சோதனைக்குப் பொருளாக வைத்தல் ஆகாது என்றும், கெடாதவனைச் சோதனையால் கெடுப்பது தண்ணீரில் நஞ்சு கலப்பது போன்றது என்றும் எச்சரிக்கிறார். சோதனை நம் வகுப்பறை வரை வந்து சேர்ந்தது, அவ்வெச்சரிக்கை வரவில்லை.

இது பழங்கதையன்று. புதிதாகச் சேர்ந்த பையனின் கண்ணில் படும்படி ஒரு பத்து வெள்ளித் தாளைத் தரையில் போட்டுவைத்து, அவன் எடுத்துக் கொடுக்கிறானா என்று மறைந்திருந்து பார்க்கும் முதலாளிமார் உண்டு. இக்காலத்தில் அவ்வேலையைச் சுவரில் மாட்டிய கேமரா செய்கிறது. இவற்றால் அறியப்படுவது, பார்க்கப்படுகிறோம் என்ற ஐயம் உள்ளவன் எப்படி நடப்பான் என்பது மட்டுமே. அவனுக்கு நிறுவை தெரியுமா, வாடிக்கையாளர் சினந்து பேசினால் பொறுப்பானா, சரக்கு கெட்டுப்போவதை முன்னறிந்து சொல்வானா என்பவற்றைத் தரையில் கிடக்கும் தாள் காட்டாது.

அதே அதிகாரத்தின் ஐந்தாவது குறள் வேறு வழி காட்டுகிறது. ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செய்யும் செயலே உரைகல் என்கிறது அது. நகைக் கடைகள் நிறைந்த இத்தெருவில் இவ்வுவமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பொன்னை ஏமாற்றிப் பார்ப்பதில்லை. கல்லில் உரைத்து, அது விட்ட கோட்டைப் பார்க்கிறார்கள். முதற் குறளை ஐந்தாவதன் ஒளியில் படித்தால், அறமும் பொருளும் இன்பமும் அச்சமும் ஒருவன் வேலை செய்யும்போது இயல்பாகவே எதிர்ப்படுவன என்றும், அவற்றின் முன் அவன் நிற்கும் நிலையைக் காண்பதே ஆராய்தல் என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. பரிமேலழகரின் பெருமைக்கு இதனால் குறைவில்லை. அவர் அரசவையை நினைத்து எழுதினார். நாம் கடைத்தெருவில் நின்று படிக்கிறோம்.

அற்றார் யார்?

ஆறாவது குறள் புலம்பெயர்ந்து வாழ்வார்க்கு இடர் தருவது. ‘அற்றார்’ என்பாரை நம்பலாகாது, அவர்க்குப் பற்றில்லை, பழிக்கும் நாணார் என்பது அதன் கருத்து. எது அற்றார் என்பதை மூலம் சொல்லவில்லை. சுற்றம் அற்றார் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். ஒழுக்கம் அற்றார் என்று கொண்ட உரையும் உண்டு. முன்னதே பொருளாயின், சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோர் பெரும்பாலரும் நம்பத் தகாதவர் ஆகிவிடுவர். ஏனெனில் வந்திறங்கிய நாளில் அவர்க்கு இங்குச் சுற்றம் இல்லை.

நம்மவர் இவ்விடரை ஒருவகையில் தீர்த்துக்கொண்டனர். சுற்றத்தையே உடன் கொண்டுவந்தனர். ஊர்க்காரர் ஊர்க்காரரை அழைத்தனர். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த முஸ்லிம் குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்தது இம்முறையில்தான். 1941இலேயே கடையநல்லூர் பெயரால் இங்கு ஒரு சங்கம் எழுந்தது. ஒருவன் இங்கே தவறு செய்தால் ஊரில் அவன் தாய்க்குத் தலைகுனிவு நேரும். அந்தப் பழியச்சமே பிணை. ஆறாவது குறளுக்கு இது நேரான செயல்வடிவம்.

ஆனால் வள்ளுவர் அங்கே நிற்கவில்லை. அடுத்த குறளிலேயே, அன்பு காரணமாக அறிவில்லாதவரைத் தெளிதல் எல்லாப் பேதைமையும் தரும் என்று எதிர்ப்பக்கத்தையும் அடைக்கிறார். அக்காள் மகன் என்பதற்காகக் கல்லாவில் உட்கார வைக்கப்பட்டவனால் நொடித்த கடைகளை நாம் அறியாதவர் அல்லர். ஆறாவதும் ஏழாவதும் அருகருகே நிற்பது தற்செயல் அன்று. சுற்றம் இல்லாமை ஒரு குறை. சுற்றம் மட்டுமே தகுதியாவது மற்றொரு குறை. இரண்டையும் ஒருங்கே கற்பிக்காத ஆசிரியர் பாதிக் குறளையே கற்பித்தவராவார்.

இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வழி கண்டவர்கள் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் இருந்த நகரத்தார். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை 1859இல் எழுப்பியவர்கள் இவர்களே. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடல் கடந்த கடையை ஆள்பவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். ஊதியத்தையும் காலத்தையும் குறித்த சம்பளச் சீட்டு எழுதப்படும். பெரும்பாலும் மூன்றாண்டுக் காலம்; முடிந்ததும் கணக்கை ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். அவர்கள் ஆளெடுத்தது தம் இனத்துக்குள்ளேயே என்பது உண்மை; அவ்வளவில் அது குறுகிய வட்டம். ஆயினும் அவ்வட்டத்துக்குள் உறவு மட்டுமே ஒருவரை மேலாள் ஆக்கிவிடவில்லை. பெட்டியடியில் தொடங்கி வேலையால் உயர வேண்டியிருந்தது. உயர்ந்தபின் பெருந்தொகையைக் கையாளும் அதிகாரம் அவரிடமே விடப்பட்டது. கடிதம் போய்ச் சேரவே பல நாளாகும் காலத்தில், அன்றாடம் குறுக்கிட முதலாளியால் இயலாது. இன்ன வேலையை இன்ன கருவியால் இவன் முடிப்பான் என்று ஆராய்ந்து, பின் அதை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்னும் தெரிந்து வினையாடலின் ஏழாவது குறளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் வணிக வரலாற்றில் கிடைப்பது அரிது.

கைதிகளே காவலர்

சுற்றமும் அற்று, பழியும் சுமந்து வந்தவர் ஒரு கூட்டத்தார் இத்தீவில் இருந்தனர். 1825இல் பெங்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவரும் அவர்களுள் இருந்தனர். 1873 வரை இத்தீவு கைதிகளின் குடியேற்றமாக இருந்தது. சாலைகளையும் கட்டடங்களையும் அவர்கள் அமைத்தனர். 1856இல் தொடங்கிய புனித அந்திரேயா தேவாலயமும், 1867 முதல் 1869 வரை எழுந்த ஆளுநர் மாளிகையும், அதாவது இன்றைய இஸ்தானாவும், அவர்கள் உழைப்பால் ஆனவை.

இவர்களை மேய்த்தவர் யார் என்பதே நமக்கு வேண்டியது. கைதிகளின் மேற்பார்வையாளராக இருந்த மெக்நேர் என்பார் 1899இல் வெளியிட்ட நூலுக்குக் ‘கைதிகளே தம் காவலர்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். வெளியிலிருந்து கூலிக்கு அமர்த்திய காவலரைப் படிப்படியாக நீக்கிவிட்டுக் கைதிகளுள் தேர்ந்தவரையே காவலராக்கியதை அந்நூல் விவரிக்கிறது. கைதிகள் ஆறு வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். புதிதாக வந்தவர் விலங்குடன் கீழ்நிலையில் தொடங்குவர். நடத்தையாலும் வேலையாலும் மேலே ஏறுவர்; தவறினால் இறங்குவர். காவலராகவும் தொழில் மேற்பார்வையாளராகவும் உயர்ந்து, இறுதியில் சிறைக்கு வெளியே தங்கித் தம் தொழிலைச் செய்யும் அனுமதியும் பெறுவர்.

கட்டாய உழைப்பைப் போற்றுவது நம் கருத்தன்று. அவர்கள் ஏறிய படியை அமைத்தவர் அவர்களைச் சிறைவைத்த அரசினரே. மலிவான உழைப்பே அவ்வரசுக்கு நோக்கமாக இருந்தது. ஆயினும் ஓர் உண்மையை இவ்வரலாறு நிலைநாட்டுகிறது. ஊரும் உறவும் உறுதி சொல்ல இல்லாதவர், சட்டத்தால் குற்றவாளி எனப்பட்டவர், செய்யும் செயலே உரைகல்லாகக் கொள்ளப்பட்டபோது, பொறுப்பு ஏற்கத் தக்கவராக விளங்கினர். ஆகவே ‘அற்றார்’ என்பதற்குச் சுற்றம் அற்றார் என்று மட்டும் பொருள் உரைத்து நிறுத்திவிடுவது இத்தீவின் வரலாற்றோடு பொருந்தவில்லை. ஒழுக்கம் அற்றார் என்னும் உரையே இங்கு வலுப்பெறுகிறது. ஒழுக்கமோ, செயலில் வைத்தன்றிக் காண இயலாதது.

கட்டி வைத்தல் நம்பிக்கை ஆகுமா?

சுற்றத்துக்கு அடுத்தபடியாக நம்மவர் கண்ட மாற்று, இடையாள். மலாயா முழுவதும் இரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறையை ஆசிரியர்கள் அறிவார்கள். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை மலாயாவுக்கு நின்றது. கங்காணி தன் ஊருக்கே சென்று ஆள் திரட்டிவரும் வழக்கம் 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை நீடித்தது. தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் கிடைத்தது. ஆளை ஆராய வேண்டிய துரை அவ்வேலையைக் கங்காணியிடம் விட்டார். கங்காணிக்கோ தொகையைப் பெருக்குவதே ஆதாயம். வழிச்செலவும் முன்பணமும் கடனாகித் தொழிலாளியைப் பற்றிக்கொண்டன. அவன் தோட்டத்தைவிட்டு ஓடாதிருந்தான். அது நம்பகம் அன்று.

இன்றைய முறை இதனினும் பெரிதும் திருந்தியது என்பதை மறுக்கலாகாது. 2016 ஏப்ரல் முதல் வேலையின் முக்கிய விதிமுறைகளை எழுத்தில் கொடுப்பதும், விவரமான சம்பளச் சீட்டு வழங்குவதும் முதலாளியின் கடமைகளாயின. இங்குள்ள வேலை முகவர் ஊழியரிடமிருந்து, ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், மிகுதியாகப் போனால் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வேலை கொடுப்பதற்காக ஊழியரிடமே முதலாளி பணம் பெறுவது குற்றம். ஆயினும் ஊரிலுள்ள முகவருக்கு நிலத்தை அடகுவைத்துக் கொடுத்த பணம் இச்சட்டத்தின் கைக்கு எட்டாது. மற்றொரு பக்கம், மலேசியர் அல்லாத ஒவ்வொரு வேலை அனுமதிச் சீட்டு ஊழியருக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்குப் பிணை எழுதிக் கொடுக்க வேண்டும். ஊழியர் காணாமற்போனால் அத்தொகை முழுமையாகவோ பகுதியாகவோ பறிபோகக்கூடும். அனுமதிச் சீட்டும் ஒரு முதலாளியின் பெயரோடு பிணைந்தது.

இதன் விளைவைக் குறள் வழியில் நோக்குவோம். ஊழியர் கடனால் கட்டுண்டிருக்கிறார். முதலாளி பிணையால் கட்டுண்டிருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் விட்டுப் போக எளிதில் இயலாது. இந்நிலையில் ஓர் ஊழியர் இரண்டாண்டு நின்றார் என்பதைக் கொண்டு அவர் உண்மையானவர் என்று எப்படித் தெளிவது? போக வழியிருந்தும் நின்றவரின் நிலைதான் நமக்குச் செய்தி சொல்லும். கட்டுண்டவர் நிற்பது எதனையும் காட்டாது. கட்டுகள் ஆராய்ச்சிக்கு உதவுவதற்கு மாறாக, ஆராயவேண்டிய பொருளையே மறைத்துவிடுகின்றன.

லிட்டில் இந்தியா உணவகங்களை நோக்கின் இது இன்னும் தெளிவாகும். 2023 செப்டம்பர் 1 முதல், இந்திய உணவகங்கள் சமையற்காரர்களை இந்தியாவிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் அழைத்துக்கொள்ள வழி திறந்தது. மாதச் சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையலாகாது என்பது விதி. ஆள் பஞ்சத்தால் வருந்தியவர்க்கு இது பேருதவி. ஆயினும் கடலுக்கு அப்பால் இருப்பவரின் கைப்பக்குவத்தை முகவரின் சொல்லைக் கொண்டே முடிவு செய்தால், நேர்வது என்ன? எல்லா வகையாலும் ஆராய்ந்து தெளிந்த பிறகும், வேலையில் இறங்கும்போது வேறுபட்டு நிற்பவர் பலர் என்று தெரிந்து வினையாடலின் நான்காவது குறள் எச்சரிக்கிறது. ஊரில் ஐம்பது பேருக்குச் சமைத்தவர் இங்கே வெள்ளிக்கிழமை இரவில் ஐந்நூறு பேருக்குச் சமைக்கும்போது வேறு ஆளாகலாம். அது அவர் குற்றமாகாது. அமர்த்தியவர் ஆராய்ச்சியை விமான நிலையத்தோடு முடித்துக்கொண்டதே குறை.

மூன்று அதிகாரமும் ஒரு பாடம்

51ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறள் தவறு இரண்டினை ஒருங்கே வைக்கிறது. ஆராயாமல் நம்புவது ஒன்று. நம்பியபின் ஐயுறுவது மற்றொன்று. இரண்டும் தீராத் துன்பம் தரும் என்கிறது. முன்பாதியைச் சொல்பவர் பலர். பின்பாதியைச் சொல்பவர் சிலர். பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் அழைக்கும் முதலாளியையும், கணக்கெழுதச் சொல்லிவிட்டுத் தனியே மற்றொரு கணக்கு எழுதிவைக்கும் முதலாளியையும் நினைந்தே அப்பின்பாதி சொல்லப்பட்டதுபோல் இருக்கிறது.

அடுத்த அதிகாரம் இதனை மேலும் கொண்டுசெல்கிறது. வேண்டியவர் என்பதற்காக அன்றி, அறிந்து, இடையூறு தாங்கிச் செய்ய வல்லவர்க்கே வினையை ஏவ வேண்டும் என்கிறது ஐந்தாவது. தகுதி கண்டபின் அவரை அதற்கு உரியவராகவே ஆக்க வேண்டும் என்கிறது எட்டாவது. வேலையில் கருத்துடையவன் உரிமையோடு பழகுவதைத் தவறாக நினைப்பவனை விட்டுத் திரு நீங்கும் என்கிறது ஒன்பதாவது. “பையன் எதிர்த்துப் பேசுகிறான்” என்று மனம் புழுங்குவோர்க்கு இக்குறள் நல்ல மருந்து. இறுதிக் குறள் நாடோறும் நாடுக என்கிறது. அது வேவு பார்த்தல் அன்று. வினைசெய்பவன் கோணாதபடி அவன் நிலையை நாள்தோறும் அறிந்துகொள்ளுதல். சம்பளம் நாளில் சேர்ந்ததா, தங்குமிடத்தில் உறங்க முடிகிறதா, ஊரிலிருந்து வந்த செய்தி யாது என்பவையும் அந்நாட்டத்துள் அடங்கும்.

இவ்விரண்டோடு 53ஆம் அதிகாரமாகிய சுற்றந்தழாலின் இறுதிக் குறளையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். பிரிந்து சென்று ஒரு காரணத்தால் மீண்டு வந்தவனை எண்ணிப் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அது. ஆட்கள் பிரிந்து போவார்கள் என்பதை வள்ளுவர் இயல்பாகவே ஏற்கிறார். போகாதபடி கட்டிவைக்க அவர் வழி சொல்லவில்லை. ஏன் போனான், ஏன் வந்தான் என்று எண்ணச் சொல்கிறார். கடனும் பிணையும் உள்ள இடத்தில் இவ்வினாவைக் கேட்கும் தேவை முதலாளிக்கு இல்லாமற்போகிறது. கேட்காதவர் தம் கடையில் என்ன குறை என்பதை அறியும் வழியையும் இழக்கிறார்.

இன்று உயர்நிலைப் பள்ளியில் இக்குறள்களைக் கற்கும் மாணவர் சிலர் நாளை கடை நடத்துவர், சிலர் மேற்பார்வையாளராவர், மிகப் பலர் பிறரிடம் வேலை செய்வர். எவரையும் எளிதில் நம்பாதே என்னும் ஒற்றைப் பாடத்தோடு அவர்களை அனுப்பினால், முதலாளியாகுபவர் ஐயுறவையே ஆட்சி என்று கொள்வார். ஊழியராகுபவர் தம்மை ஆராய்ந்து அறிந்து பொறுப்புத் தரும்படி கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்பதை அறியாமலே இருப்பார். மூன்று அதிகாரங்களையும் தொடர்ந்து ஒரே பாடமாக நடத்துவதும், ஒவ்வொரு குறளிலும் இங்கே கடமை யாருக்குச் சொல்லப்படுகிறது என்று மாணவரைக் கேட்பதும் அரிய செயல் அல்ல. தமிழாசிரியர்கள் இதனைக் கருதிப் பார்ப்பார்களாக.